பச்சைத் திரையில் உலகை ஆட வைத்தவர்



நான் வீராம்பட்டினத்துக்காரன். இசிஇ மூன்றாம் ஆண்டு. கையடக்க வீடியோ கேம் ஒன்றைப் புராஜெக்ட்டாகச் செய்யலாம் என்று முடிவான அன்றே எங்கள் பேட்சில் சண்டை வந்துவிட்டது. மற்ற மூவரும் கலர் டிஸ்ப்ளேதான் வேண்டும் என்றார்கள். கைவசம் இருந்ததோ லேபில் பழகிய சாதா எல்சிடி. இரண்டே வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. இதுல கேம் போட்டா எக்ஸ்டர்னல் சிரிப்பாரு என்று கிண்டல் வேறு. அந்த வாரம்தான் குன்பெய் யோகோய் என்ற மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

யோகோய் 1941-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-இல் நின்டெண்டோ கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மெஷின் மெயின்டனன்ஸ்! நம்மில் பல பேருக்குக் கிடைக்கப்போகும் அதே வேலைதான்.

சும்மா இருந்த நேரத்தில், கத்தரி போல விரிந்து நீண்டு பொருளைப் பிடிக்கும் ஒரு பொம்மைக் கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி யாமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தால், அதையே விற்பனைக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். 1966-இல் வந்த அந்த அல்ட்ரா ஹேண்ட் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஒருநாள் புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அப்போது கால்குலேட்டர் எல்சிடி மலிந்து கிடந்தது. அதையே வைத்து 1980-இல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. 1982-இல் அதன் டாங்கி காங் மாடலில் பிளஸ் குறி போன்ற ஒரு பட்டனை வைத்தார். இன்றைய கண்ட்ரோலர்களில் நம் இடது கட்டைவிரல் தேடுவது அதன் வாரிசைத்தான்.

அவருடைய கொள்கை எளிமையானது. பழசாகி, விலை குறைந்து, குணம் முழுக்கத் தெரிந்துபோன பாகத்தை எடு. அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து.

1989-இல் அவரும் அவர் குழுவும் கொண்டுவந்த கேம் பாய்க்குக் கலர் கிடையாது. பாசி நிறத் திரையில் நாலே ஷேடு. அதே ஆண்டு அட்டாரி லிங்க்ஸும், அடுத்த ஆண்டு சேகா கேம் கியரும் கலரில் வந்தன. ஆனால் அவை ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கூடவே டெட்ரிஸ்! வெறும் கட்டங்கள் விழும் ஆட்டம். கையை எடுக்க முடியாது. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

அவருக்கும் சறுக்கல் உண்டு. 1995-இல் வந்த வெர்ச்சுவல் பாய், கண்ணை உள்ளே வைத்துப் பார்க்கும் சிவப்புத் திரை. ஆடியவர்களுக்குத் தலைவலி, ஓராண்டுக்குள் நின்றுபோனது. பாகம் எளிமையாக இருந்தால் மட்டும் போதாது, ஆட்டம் சுகமாகவும் இருக்கணும் என்பது இதில் தெரிகிறது.

1996-இல் வேலையை விட்டுத் தனியாக ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ஆம் தேதி நெடுஞ்சாலையில் ஒரு சிறு மோதலுக்குப் பின் காரைவிட்டு இறங்கியவர் மீது வேறொரு கார் மோதியது. வயது 56. அவர் பங்களித்த வொண்டர்ஸ்வான் 1999-இல் ஒரே ஒரு பேட்டரியில் ஓடியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஆடு புலி ஆட்டம் நினைவு வந்தது. தரையில் கரிக்கோடு, கொஞ்சம் கல். அதை மணிக்கணக்கில் ஆடியவர்கள் கிராபிக்ஸா கேட்டார்கள்?

நண்பர்களைச் சம்மதிக்க வைத்தேன். அந்த எல்சிடியில் நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்குத்தான் இடம். ஒன்று போட், ஒன்று அலை, ஒன்று மணல்மேடு. முகத்துவாரத்தில் அலை பார்த்துப் போட்டைக் கரை சேர்க்க வேண்டும். வீடியோ கேமே தொடாத அப்பா, டீ ஆறிப்போனது தெரியாமல் ஆடினார். அலை வர்ற கணக்கு தப்பா இருக்கு என்று திருத்தமும் சொன்னார்! திருத்திய பிறகுதான் ஆட்டம் ஆட்டமானது.

கலர் இருந்தால் இன்னும் மார்க் வருமென்று ஒரு நண்பன் இன்னும் முணுமுணுக்கிறான். வரலாம். ஆனால் தோழர்களே, பாகம் வாங்கப் பணம் இல்லை என்று யோசனையை மூட்டை கட்டாதீர்கள். உங்கள் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய பாகத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்!