பட்டறையே பள்ளிக்கூடம்

ஜி.டி. நாயுடு 1893-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏட்டுக்கல்வியில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதனையே வாங்கினார். அதைப் பிரித்துப் பூட்டி, அதன் இயக்கத்தைத் தாமே கற்றார்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழிலைத் தொடங்கினார். 1937-இல் மின்மோட்டார் உருவாகவும் காரணமானார்.

தாம் கற்றதை இளையோரும் கற்கவேண்டும் என விரும்பி, 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் நிறுவினார். செய்முறையோடு கற்பித்தால் ஈராண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசோ நான்காண்டுப் படிப்பை வலியுறுத்தியது. அவர் கொள்கையை விடவில்லை. முதல்வர் பதவியைத் துறந்தார். 1974-இல் அவர் மறைந்தார். அக்கல்விக்கூடத்தின் வழிவந்த அரசு தொழில்நுட்பக் கல்லூரி இன்றும் மாணவர்களைப் பொறியாளர்களாக்கி வருகிறது.