அவ்வை உண்ட பழங்கள் நம் தோட்டத்துக்கு

அவ்வையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் வாழ்ந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். சங்ககால அவ்வை, தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை அதியமான் அவருக்கே கொடுத்ததைப் புறநானூறு சொல்கிறது. பிற்கால அவ்வை, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் பாடியவர்.

நடந்து களைத்த அவ்வையிடம், அழகர்கோவில் மலையின் பழமுதிர்சோலையில், நாவல் மரத்தில் இருந்த சிறுவன் விளையாடிய கதை உங்களுக்குத் தெரியும். அவன் உலுக்கிய பழங்கள் மண்ணில் விழுந்தன. ஒட்டிய மணலை அவ்வை ஊதினார். பழம் சுடுகிறதா என்று கேட்டுச் சிரித்தவன் முருகன் என்பது நம்பிக்கை.

விவசாயிக்கு இது அறுவடைப் பாடமும்கூட. நாவல் பழத்தின் தோல் மெல்லியது. தரையில் விழுந்தால் நசுங்கும், மணல் ஒட்டும், விலை போகாது. மரத்தடியில் வலையோ பழைய சேலையோ கட்டிப் பிடியுங்கள். அன்றே விற்றுவிடுங்கள்.

பிளாக்பெர்ரிக்குக் குளிர் வேண்டும். மதுரைச் சமவெளிக்கு ஒத்துவராது. அந்தக் கருநிறப் பழத்துக்கு ஈடாக நம்மிடம் நாவல் இருக்கிறது. விதைக் கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் அதைவிடச் சீக்கிரம் காய்க்கும். விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். சேமித்து வைக்காமல் உடனே விதையுங்கள். நெல்லி ஒட்டுக்கன்றை 6 மீட்டர் இடைவெளியில் நடலாம், வறட்சியைத் தாங்கும். வேலியோரம் களா வையுங்கள். முள் காவலாகும், பழம் ஊறுகாயாகும்.

கிடைத்த கனியை அடுத்தவருக்குக் கொடுத்தான் அதியமான். இன்று நீங்கள் வைக்கும் நாவலும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் காய்க்கும்.