பால் எர்லிக்: சாயத்தில் கிடைத்த மந்திரக் குண்டு

என் பெரியம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. மருந்து ஏத்தினாங்க. தலைமுடி எல்லாம் கொட்டிப் போச்சு. வயிற்று நோய்க்குத் தலைமுடி ஏன் கொட்டணும் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். இரத்தம் போகும் இடமெல்லாம் மருந்தும் போகும், வேகமாக வளரும் செல்லையெல்லாம் தாக்கும், முடியின் வேரும் அப்படித்தான் என்றார். பிறகு பால் எர்லிக்கின் கதையைச் சொன்னார்.

எர்லிக் 1854 மார்ச் 14-ல் பிறந்தார். பிறந்த ஊர் ஸ்ட்ரேலன். அப்போது பிரஷ்யா, இப்போது போலந்து. மருத்துவம் படிக்கும்போதே அவருக்குச் சாயத்தின் மேல் பைத்தியம். மெத்திலீன் நீலத்தை உயிருள்ள பிராணிக்குச் செலுத்தினால் மற்றதை விட்டுட்டு நரம்பில் போய் ஒட்டிக்கிச்சு! சாயம் இடம் பார்த்து ஒட்டுமென்றால், மருந்தும் கிருமியை மட்டும் தேடிப் போகாதா என்று நினைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மந்திரக் குண்டு.

காசநோய்க் கிருமிக்குச் சாயம் ஏற்றும் முறையை 1882-ல் அவர் மேம்படுத்தினார். பாவம், 1888-ல் அவருக்கே காசநோய்! எகிப்துக்குப் போய்த் தங்கி, உடம்பு தேறித் திரும்பினார். 1908-ல் நோபல் பரிசு, மெட்ச்னிகோஃபுடன் சேர்ந்து.

சிபிலிஸ் நோய்க்காக ஆர்சனிக் கலந்த நூற்றுக்கணக்கான பொருள்களை அவர் குழு சோதித்தது. 606-ஆம் எண் பொருளை உதவாது என்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹாட்டா 1909-ல் அதையே எடுத்து மறுபடி சோதித்தார். வேலை செஞ்சுது! 1910-ல் சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எனக்கு ஹாட்டாவைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனால் அதுவும் முழு மந்திரக் குண்டு இல்லை. ஆர்சனிக் விஷமாச்சே, சில நோயாளிகளுக்குக் கெடுதலும் செய்தது. எர்லிக் 1915 ஆகஸ்ட் 20-ல் இறந்தார்.

இப்போது மருந்தை மாற்றாமல், அதை ஏற்றிப் போகும் வண்டியைச் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நூறு நானோமீட்டர் அளவுக் கொழுப்புக் குமிழிக்குள் புற்றுநோய் மருந்தை வைத்து 1995-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். அதில் இதயத்துக்குக் கெடுதல் குறைவு. கலப்பு வண்டி என்றால் உள்ளே பாலிமர் உருண்டை, வெளியே கொழுப்புத் தோல். உருண்டை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், தோல் அது முன்னாடியே கசியாமல் பார்த்துக்கும். இதில் நிறைய இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இந்த வண்டியெல்லாம் கிடைக்கலை, சாதா மருந்துதான். இப்போ முடி முளைக்குது, சுருட்டை சுருட்டையா.