மணலில் எழுதிய ஐயர்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டேனிஷ் அரசர் அனுப்பத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு ஐயருக்கு 24 வயது நிறைய ஒருநாள் குறைவு. போதிக்க வந்தவர்க்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே திண்ணைப்பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையிலமர்ந்து, மணலில் விரலால் அகரமுதல் எழுதிப் பழகினார். அப்பிள்ளைகள் நகைத்திருப்பரோ? இலக்கணம் பயிலும் நமக்கு அக்காட்சி சற்றே நாணந் தருகின்றது. எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. உபாத்தியாயர் ஐரோப்பிய மொழி அறியார். பின்னர் அழகப்பர் என்னும் துபாசி துணைபுரிந்தார். மறு ஆண்டே ஐயர் தாமும் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1708இல் டேனிஷ் கவர்னர் அவரைச் சிறையிலிட, நான்கு மாதம் தனித்திருந்தார். 1715இல் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிற்று. 1719இல், 36ஆம் வயதில், தரங்கம்பாடியிலேயே உயிர்நீத்தார்.