மூங்கிலில் விளக்கேற்றிய எடிசன்

போடிநாயக்கனூரை அடுத்து, ஏலமலை அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. அந்த மலைப்பாதையில் சிவப்பு, பச்சை விளக்குகளுக்கு வேலை இல்லை. மூங்கிலுக்கு வேலை உண்டு. கூடைக்கு மூங்கில், முறத்துக்கு மூங்கில், பந்தலுக்கும் மூங்கில்தான்.

போடியில் ரயில் ஏறி மதுரையில் இறங்கினால், நாற்சந்தி தோறும் சிக்னல் விளக்குகள்.

குரங்கணி மூங்கிலுக்கும் மதுரை சிக்னலுக்கும் என்ன உறவு? உறவு உண்டு! அதை உண்டாக்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன்.

பள்ளிக்கூடம் மூன்று மாதம்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் மிலான் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஏழாவது பிள்ளை. பள்ளிக்கூடம் போனது மூன்றே மாதம். பிறகு தாயாரே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12-வது வயதில் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார். காது சரியாகக் கேட்காது. அதற்காக அவர் அழுது கொண்டு உட்காரவில்லை.

1862-ல் ஒருநாள், மவுண்ட் கிளெமன்ஸ் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. ஒரு ரயில் பெட்டி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கினார். நன்றி மறவாத தகப்பனார், எடிசனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

தந்தி வேலை கிடைத்தது. கனடாவில் ஸ்டிராட்போர்டு என்ற ஊரில் இரவு வேலை. தூங்கவில்லை என்று காட்டுவதற்காக மணிக்கு ஒருமுறை அடையாளத் தந்தி அடிக்க வேண்டும். எடிசன் என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார். அது தானாகத் தந்தி அடித்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார்!

ஓர் இரவு, ஒரு சரக்கு ரயிலை நிறுத்தும்படி தந்தி வந்தது. எடிசன் சிக்னல்காரரைத் தேடி ஓடினார். அதற்குள் ரயில் போய்விட்டது. அதே தண்டவாளத்தில் எதிரே மற்றொரு ரயில் வந்து கொண்டிருந்தது!

நல்ல வேளையாக, டிரைவர்கள் தூரத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்து ரயில்களை நிறுத்தி விட்டார்கள். விசாரணை நடந்தது. சிறைத் தண்டனை கிடைக்கும் என்று மிரட்டினார்கள். எடிசன் நழுவி, சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார்.

எந்த இழை நிற்கும்?

1876-ல் மென்லோ பார்க் என்ற இடத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். மறு ஆண்டு, பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1878-ல் மின்சார விளக்கில் இறங்கினார்.

மின்சார விளக்கு என்ற எண்ணம் எடிசனுக்கு மட்டும் தோன்றியது அல்ல. இங்கிலாந்தில் சுவான் என்பவரும் அதே வேலையில் இருந்தார். கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழையை வைத்து, காற்றை எடுத்துவிட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சினால் இழை ஒளி விடும். ஆனால் சீக்கிரம் அறுந்துவிடும். எந்த இழை நீண்ட நேரம் நிற்கும்? அதுதான் சிக்கல்.

பிளாட்டினக் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 1879 அக்டோபரில் பருத்தி நூலைக் கரியாக்கி வைத்தார்கள். அது பத்து மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. பிறகு அட்டைக் காகிதம். கடைசியில் ஒரு விசிறியின் ஓரத்தில் இருந்த மூங்கில் பட்டை எடிசன் கண்ணில் பட்டது. அதைச் சீவிக் கரியாக்கினார்கள். மற்ற எல்லாவற்றையும் அது தோற்கடித்தது!

உடனே உலகம் முழுவதும் மூங்கில் வேட்டை. ஜப்பானுக்கு ஓர் ஆள் போனார். கியோட்டோ பக்கத்து மூங்கில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது.

அதிலும் திருப்தி இல்லை. 1888-ல் ரிக்கால்டன் என்ற பள்ளி ஆசிரியரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார் எடிசன். அவர் காடு மேடெல்லாம் சுற்றி, நல்ல மூங்கில்களோடு ஊர் திரும்பினார். பாவம், அதற்குள் செயற்கை இழை வந்துவிட்டது! மனிதர் ஓராண்டு அலைந்ததுதான் மிச்சம்.

வெடித்தது சிக்னல்

இதற்கு முன்பே லண்டனில், 1868 டிசம்பரில், பாராளுமன்றத்தின் அருகே உலகின் முதல் தெரு சிக்னல் வைக்கப்பட்டது. ரயில் கைகாட்டி போன்றது. இரவில் எரிய காஸ் விளக்கு. மறு மாதமே காஸ் கசிந்து விளக்கு வெடித்தது. அதை இயக்கிய போலீஸ்காரர் படுகாயம் அடைந்தார். சிக்னலுக்கு எந்த விளக்கு என்பது உயிர் போகிற விஷயம் என்று அன்று தெரிந்தது.

1914 ஆகஸ்டு 5-ந் தேதி அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மின்சார சிக்னல் எரிந்தது. அப்போது எடிசனுக்கு வயது 67. அதற்குள் டங்ஸ்டன் இழை வந்துவிட்டது. கூலிட்ஜ், லாங்முர் என்ற விஞ்ஞானிகள் பல்பை மேலும் சீர்திருத்தியிருந்தார்கள்.

சிக்னலுக்கு வீட்டு பல்பு ஆகாது. வீட்டு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரியும். சிக்னல் பல்பை 8,000 மணி நேரம் எரியும்படி செய்தார்கள். வண்டிகளின் அதிர்வில் அறுந்துவிடாதபடி இழைக்குக் கூடுதல் தாங்கிகள். அடிக்கடி பியூஸ் போனால் நாற்சந்தியில் விபத்து அல்லவா? ஆனால் ஆயுள் கூடினால் ஒளி குறையும், மஞ்சளாகும். அந்த மஞ்சளை ஈடுகட்ட, பச்சைக் கண்ணாடியில் சற்று நீலம் கலந்தார்கள்!

இப்போது சிக்னல்களில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. கழித்த பழைய சிக்னல்களை வாங்கி வீட்டில் மாட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் நிறைய பேர். அவர்கள் தேடுவது பழைய இழை பல்பைத்தான். வெள்ளை ஒளி பல்பைப் போட்டால் பச்சை நீலமாகத் தெரியும். அதிக வாட் போட்டால் சூட்டில் கண்ணாடிக்கு ஆபத்து. பால் நிறக் குமிழும் கூடாது. இழை, பின்னால் உள்ள குழிக் கண்ணாடியின் குவியத்தில் நிற்க வேண்டும். பல்பைத் திருகி மாட்டும் அந்த அடிப்பாகத்துக்கு இன்றும் எடிசன் திருகு என்றே பெயர்.

ஒரு நிமிடம்

எடிசன் 1,093 அமெரிக்க காப்புரிமைகள் பெற்றார். அவற்றில் கூட இருந்த உதவியாளர்களின் உழைப்பும் நிறைய.

1931 அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார். மரியாதைக்காக நாடு முழுவதும் மின்சாரத்தையே நிறுத்தலாம் என்று யோசனை எழுந்தது. ஆனால் நிறுத்தினால் பல உயிர்களுக்கு ஆபத்து! அதனால் ஜனாதிபதி ஹூவர், வேண்டியவர்கள் மட்டும் ஒரு நிமிடம் விளக்கை அணைக்கும்படி கேட்டுக் கொண்டார். அடக்கம் நடந்த 21-ந் தேதி இரவு 10 மணிக்கு, வீடு வீடாக விளக்குகள் அணைந்தன. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எரிந்தன.