ரசல் வைல்டர்

ரசல் மோர்சு வைல்டர் (1885 – 1959) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். குழந்தைகளின் கால்-கை வலிப்புக்கு அளிக்கப்படும் கீட்டோசெனிக் உணவுமுறையை 1921 ஆம் ஆண்டில் முன்மொழிந்து, அதற்கு அப்பெயரை இட்டவர் இவரே. நீரிழிவு நோய், இன்சுலின், உயிர்ச்சத்துக் குறைபாடு ஆகிய துறைகளிலும் இவரது ஆய்வுகள் முக்கியமானவை. உணவை மருந்தைப் போல அளந்து கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இவரது பணிகள் அனைத்திலும் காணப்படுகிறது.

இளமையும் கல்வியும்

வைல்டர் 1885 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, நுண்ணுயிரியலாளர் ஓவர்டு ரிக்கெட்சின் மாணவரானார். 1910 இல் இருவரும் மெக்சிகோ நகரில் டைபசு காய்ச்சலை ஆராய்ந்தனர். அந்நோய் உடற்பேன்கள் வழியாகப் பரவுவதை அவர்களது ஆய்வு உறுதிப்படுத்தியது. அவ்வாய்வின்போதே ரிக்கெட்சு டைபசு தொற்றி அதே ஆண்டில் இறந்தார். அப்போது வைல்டருக்கு வயது 24. 1912 இல் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற வைல்டர், பின்னர் வளர்சிதை மாற்ற நோய்களின் பக்கம் தம் கவனத்தைத் திருப்பினார்.

மேயோ மருத்துவ நிலையம்

1919 இல் மினசோட்டா மாநிலத்தின் ரோச்செசுட்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் வைல்டர் சேர்ந்தார். அங்கு நீரிழிவு நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படவில்லை. கடுமையான உணவுக் கட்டுப்பாடே நீரிழிவுக்கு இருந்த ஒரே சிகிச்சையாகும். ஒவ்வொரு வேளை உணவிலும் உள்ள மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றைத் தராசில் நிறுத்துக் கணக்கிட்டு அளிப்பது அங்கு அன்றாட வழக்கமாக இருந்தது. நோயாளிகள் இக்கணக்கைத் தாமே கற்றுக்கொள்ளும் பொருட்டு வைல்டர் ஒரு கையேட்டையும் எழுதினார். வலிப்பு நோய்க்கான உணவுமுறை இந்த நீரிழிவு உணவுக் கூடத்தில் கிடைத்த பட்டறிவிலிருந்தே உருவானது.

கீட்டோசெனிக் உணவுமுறை

பட்டினி கிடந்தால் வலிப்பு குறையும் என்பது பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே காணப்படும் செய்தியாகும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஊ கான்க்லின் என்பவர் வலிப்புள்ள குழந்தைகளுக்குப் பல நாட்கள் தண்ணீர் மட்டுமே கொடுத்து வந்தார். நியூயார்க்கு மருத்துவர் கெய்லின், பட்டினியின் விளைவாக வலிப்பு குறைந்ததை 1921 இல் மருத்துவர் மாநாட்டில் அறிவித்தார். ஆனால் எந்தக் குழந்தையையும் நீண்ட நாட்கள் பட்டினியாக வைத்திருக்க இயலாது. உணவு கொடுக்கத் தொடங்கியதும் வலிப்பு பெரும்பாலும் திரும்ப வந்தது.

பட்டினியின்போது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அப்போது கல்லீரலில் கீட்டோன்கள் உருவாகி, குளுக்கோசுக்கு மாற்றாக மூளைக்கு எரிபொருளாகின்றன. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை மிகுத்துக் கொடுத்தாலும் இதே கீட்டோன்கள் இரத்தத்தில் பெருகும். எனவே பட்டினியின் பயனை, குழந்தைக்கு உணவு கொடுத்துக்கொண்டே பெறலாம் என வைல்டர் கருதினார். 1921 இல் மேயோ மருத்துவ நிலையத்தின் இதழில் அவர் எழுதிய இரு சிறு குறிப்புகளில் இக்கருத்து வெளியானது.

மேயோவின் குழந்தை மருத்துவர் மைனி பீட்டர்மன் இதனை நடைமுறைக்கு ஏற்றவாறு வகுத்தார். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, எஞ்சிய ஆற்றல் முழுவதும் கொழுப்பிலிருந்து என்பது அவரது அளவாகும். வீடு திரும்புவதற்கு முன் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் அளவைத் தனித்தனியே வகுக்க வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பவற்றையும் பீட்டர்மன் வலியுறுத்தினார். இவை இன்றும் பின்பற்றப்படுகின்றன.

இன்சுலின் பணிகள்

1922 இல் இன்சுலின் கிடைக்கத் தொடங்கியபோது, அதனைத் தொடக்க நிலையிலேயே சோதித்த அமெரிக்க மருத்துவர்களுள் வைல்டரும் ஒருவர். 1927 இல் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், கணையத்தில் தோன்றிய புற்றுக்கட்டி மிகையான இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தியதை ஒரு நோயாளியிடம் கண்டறிந்து வெளியிட்டனர். 1929 முதல் 1931 வரை சிகாகோ பல்கலைக்கழக மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த வைல்டர், பின்னர் மேயோவுக்குத் திரும்பினார்.

உயிர்ச்சத்து ஆய்வுகள்

1930களின் இறுதியில் வைல்டரின் கவனம் உயிர்ச்சத்துக்கள் மீது சென்றது. உணவில் தயமின் (உயிர்ச்சத்து பி1) குறைந்தால் மனிதரிடம் என்ன நேரும் என்பதை அவரது குழுவினர் ரோச்செசுட்டர் மனநல மருத்துவமனையில் இருந்தோரிடம் ஆராய்ந்தனர். சோர்வு, எரிச்சல், பசியின்மை, மனத்தளர்ச்சி ஆகியவை தோன்றின. தயமின் கொடுத்ததும் அவை நீங்கின. மனநல மருத்துவமனையில் இருந்தோரிடம் இவ்வாறு குறைபாட்டை உண்டாக்கி ஆராய்வது இன்றைய மருத்துவ நெறிகளுக்குப் பொருந்தாததாகும்.

1940 இல் அமெரிக்க தேசிய ஆய்வுப் பேரவையின் உணவு, ஊட்டச்சத்து வாரியத்திற்கு வைல்டர் முதல் தலைவரானார். நாள்தோறும் ஒருவருக்குத் தேவையான ஊட்டச்சத்துக்களின் பரிந்துரை அளவுகளை அவ்வாரியம் 1941 இல் உருவாக்கியது. கோதுமையைத் தீட்டும்போது இழக்கப்படும் தயமின், நியாசின், இரும்புச்சத்து முதலியவற்றை வெள்ளை மாவில் மீண்டும் சேர்க்கும் திட்டத்திற்கும் வைல்டர் பெரிதும் உழைத்தார்.

இறுதிக் காலம்

1951 முதல் 1953 வரை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிலையங்களுள் ஒன்றான மூட்டழற்சி, வளர்சிதை மாற்ற நோய்கள் நிலையத்தின் இயக்குநராக வைல்டர் பணியாற்றினார். 1959 இல் இவர் காலமானார். அப்போது அவரது வலிப்பு உணவுமுறை பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. 1938 இல் பெனிட்டாயின் மருந்து அறிமுகமானதே அதற்கு முக்கியக் காரணமாகும். உணவை நிறுத்துக் கொடுப்பதைவிட மாத்திரை கொடுப்பது எளிதாக இருந்தது.

உணவுமுறையின் மறுமலர்ச்சி

மருந்துகள் பெருகிய பின்னரும் வலிப்புள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவற்றால் வலிப்பு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. 1990களில் திரைப்பட இயக்குநர் சிம் ஏபிரகாம்சின் மகனுக்கு யான் ஆப்கின்சு மருத்துவமனையில் இவ்வுணவுமுறையால் வலிப்பு நின்றது. அதன்பின் அவர் தொடங்கிய அறக்கட்டளையும், 1997 இல் இயக்கிய தொலைக்காட்சித் திரைப்படமும் இம்முறையை மீண்டும் பலரறியச் செய்தன.

2008 இல் இலண்டன் கிரேட் ஆர்மண்டு தெரு மருத்துவமனை ஆய்வாளர்கள் 145 குழந்தைகளிடம் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. மூன்று மாதங்களின் முடிவில், உணவுமுறையைப் பின்பற்றிய குழுவில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. பின்பற்றாத குழுவில் இது 6 விழுக்காடு மட்டுமே. தளர்த்தப்பட்ட அட்கின்சு உணவுமுறையை 102 இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து 2013 இல் வெளியான ஆய்வில் இவ்வளவுகள் முறையே 52 விழுக்காடு, 11.5 விழுக்காடு என அமைந்தன.

பக்க விளைவுகளும் மேலாண்மையும்

கீட்டோசெனிக் உணவுமுறையில் தானியம், பழம், பருப்பு, பால் ஆகியவை பெரிதும் குறைக்கப்படுவதால், அவற்றிலிருந்து கிடைக்கும் உயிர்ச்சத்துக்களும் தாது உப்புக்களும் குறைகின்றன. தீட்டிய மாவில் இழந்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வைல்டர் கூறியது, அவர் வகுத்த இவ்வுணவுமுறைக்கும் பொருந்தும்.

தொடக்க நாட்களில் வாந்தி, சோர்வு, நீரிழப்பு, இரத்தத்தில் சர்க்கரைக் குறைவு, அமிலத்தன்மை மிகுதல் ஆகியவை நேரலாம். கொழுப்பின் அளவைப் படிப்படியாக உயர்த்துவதால் இவை குறையும். முற்காலத்தைப் போலத் தொடக்கத்தில் பட்டினி இருப்பது இன்று கட்டாயமாகக் கருதப்படுவதில்லை. குழந்தை துவண்டு போனாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மலச்சிக்கல் மிகவும் பரவலாகக் காணப்படுவதாகும். போதிய நீர், அளவுக்குட்பட்ட கீரை மற்றும் நார்ச்சத்துள்ள காய்கள், தேவைப்படின் சர்க்கரை சேராத மலமிளக்கி ஆகியவை உதவும். இரத்தக் கொழுப்பு உயர்ந்தால் கொழுப்பின் விகிதத்தைக் குறைப்பதும், நெய், வெண்ணெய் போன்றவற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைப் பயன்படுத்துவதும் வழக்கம்.

சிறுநீரகக் கல் ஏறத்தாழ 100 குழந்தைகளில் 3 முதல் 7 பேருக்கு ஏற்படுகிறது. நீரைக் குறைக்காமல் கொடுப்பதும், மருத்துவர் பரிந்துரைக்கும் பொட்டாசியம் சிட்ரேட்டும் இதனைத் தடுக்க உதவுகின்றன. டோபிராமேட்டு, சோனிசமைடு ஆகிய மருந்துகளும் கல்லையும் அமிலத்தன்மையையும் உண்டாக்கக் கூடியவை. ஆதலால் அவற்றை உட்கொள்ளும் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

நீண்ட காலப் பயன்பாட்டில் உயர வளர்ச்சி குன்றுவதும் எலும்பு வலுவிழப்பதும் கவலைக்குரியவை. பல்லுயிர்ச்சத்து, கால்சியம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றைத் தொடக்கம் முதலே சேர்த்துக் கொடுக்க வேண்டும். செலினியம் குறைந்தால் அரிதாக இதயத்தசை பாதிக்கப்படலாம். எடை, உயரம், இரத்தம், சிறுநீர் ஆகியவற்றை முதலில் ஒரு மாதத்திலும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் சோதிப்பது வழக்கம்.

மூன்று மாதங்களுக்குப் பிறகும் பயன் தெரியாவிட்டால் உணவுமுறை கைவிடப்படுகிறது. பயன் தந்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பின்னர் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. திடீரென நிறுத்தினால் வலிப்பு மிகலாம். கொழுப்பு அமிலங்களை எரிக்க இயலாத பிறவிக் குறைபாடுகள், கார்னிட்டின் குறைபாடு, பைருவேட்டு கார்பாக்சிலேசு குறைபாடு ஆகியவை உள்ள குழந்தைகளுக்கு இவ்வுணவு உயிருக்கே தீங்காகலாம். எனவே முன்சோதனையின்றி வீட்டிலேயே இதனைத் தொடங்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் சூழலில்

இவ்வுணவுமுறையின் மிகக் கடுமையான வடிவில், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 1000 கலோரி தேவைப்படும் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 100 கிராம் கொழுப்பு, 15 கிராம் புரதம், 10 கிராம் மாவுச்சத்து என அமையும். ஓர் இட்லியே அந்த நாளுக்குரிய மாவுச்சத்து முழுவதையும் தந்துவிடும். தேங்காய், தேங்காய் எண்ணெய், நெய், முட்டை, பன்னீர், நிலக்கடலை ஆகியவற்றைக் கொண்டே உணவு அமைக்கப்பட வேண்டியுள்ளது.

நெல்லும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சி, சாமையும் தினையும் விளையும் கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் இம்மாற்றம் எளிதன்று. சிறுதானியங்கள் உடலுக்கு நல்லவை எனினும், சாமை, தினை ஆகியவற்றின் பெரும்பகுதி மாவுச்சத்தே ஆதலால் இவ்வுணவுமுறையில் அரிசிக்கு மாற்றாக அவற்றைப் பயன்படுத்த இயலாது. மலைக்கிராமங்களுக்குப் பக்க விளைவுகளைக் கண்காணிப்பதில் தொலைவும் ஒரு தடையாகும். கள்ளக்குறிச்சி 2019 இல் தனி மாவட்டமானது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. குழந்தை நரம்பியல் சிகிச்சைக்குச் சென்னை எழும்பூர், புதுச்சேரி சிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை உள்ளன.

தொலைவில் வாழும் குடும்பத்தினர் சமையலறைத் தராசு, சிறுநீரில் கீட்டோனைக் காட்டும் சோதனைத் தாள், எடைக் குறிப்பேடு ஆகியவற்றை வைத்திருப்பது நன்று. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ வேறு மருத்துவரிடம் செல்லும்போது, குழந்தை இவ்வுணவில் உள்ளது என்பதைத் தெரிவிக்கும் மருத்துவச் சீட்டு உடனிருக்க வேண்டும். சர்க்கரை கலந்த மருந்துப் பாகும், குளுக்கோசு நீரேற்றலும் கீட்டோன்களைக் குறைத்து வலிப்பைத் திரும்பக் கொணரக் கூடும். எனினும் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்ட நிலையில் குளுக்கோசே உயிர் காக்கும் என்பதால், அம்முடிவு மருத்துவருடையதாகும். கடுமையான வடிவைப் பின்பற்ற இயலாத குடும்பங்களுக்கு, உணவை முழுமையாக நிறுக்கத் தேவையில்லாத தளர்த்தப்பட்ட அட்கின்சு உணவுமுறையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.