திருமழபாடியும் நம்பியாரூரரும்

கொள்ளிடப் பேராற்றின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் தென்பாற் பொலிவது திருமழபாடி என்னும் திருத்தலம். மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் மழுவேந்தி ஆடிய இடமாதலின் மழுவாடி எனப் பெயர் பெற்றுப் பின்னர் மழபாடி என மருவிற்று என்பர் புராணம் வல்லார். மழவர் என்னும் பழங்குடியினர் பாடிவீடு அமைத்திருந்தமையின் மழவர்பாடி என்பதே மழபாடி ஆயிற்று என்பர் வரலாறு ஆராய்வார். இவ்விரு கூற்றும் ஓரூரிலேயே நெடுங்காலமாக உடன் உறைகின்றன. ஒன்று மற்றொன்றை ஊரைவிட்டுப் போக்கியதில்லை. ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமான் திருமணம் காண அங்குக் கூடுவார், பெயர்க்குப் பொருள் இதுவோ அதுவோ எனத் துணிந்த பின்னரே வணங்குவேம் என்று நிற்பதுமில்லை.

ஓர் ஊர்ப்பெயரின் நிலை இதுவாயின், அவ்வூர்மீது பாடப்பெற்ற அருட்பாட்டின் நிலை யாது? புலவன் ஒருவன் பாடிவிட்டு அகல்கின்றான். அப்பாட்டின் பொருளை வரையறுப்பார் யார்? பாடியவனோ, உரை செய்வானோ, ஓதுவானோ? இவ்வினா இக்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. மழபாடிக்கு ஞானசம்பந்தர் அருளிய பதிகங்கள் 3, நாவுக்கரசர் அருளியவை 2, நம்பியாரூரர் அருளியது 1. அவ்வொரு பதிகத்தை நடுவாக வைத்து, ஆளுடைய நம்பியின் வரலாற்றை இவ்வினாவுக்கு இயைய ஈண்டு நோக்கப் புகுகின்றோம்.

நம்பியாரூரர் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவ மரபில், சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்த் தோன்றினார். அவர் வாழ்ந்த காலத்தை 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்றும் 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்றும் ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். தெருவிற் சிறுதேர் உருட்டி விளையாடிய குழவியைக் கண்டு விரும்பிய நரசிங்கமுனையரையர் என்னும் சிற்றரசர் தம் மகன்போல் வளர்த்தார். மணப்பருவம் எய்தவே, புத்தூரிற் சடங்கவி சிவாசாரியார் மகளை மணம்பேசி நாளும் குறித்தனர். மணப்பந்தரிலே முதிய அந்தணர் ஒருவர் வந்து, இம்மணமகன் எமக்கு வழிவழி அடிமை என வழக்குத் தொடுத்தார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என வெகுண்ட நம்பி அவரைப் பித்தர் என இகழ்ந்து, அவர் கையிலிருந்த படியோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அங்கு மூலவோலை காட்டப்பெற்றது. பாட்டனார் கையெழுத்து ஒப்புநோக்கப்பெற்றது. அவையத்தார் நம்பியை அடிமை எனத் தீர்த்தனர்.

இங்கே ஒன்று கருதற்பாலது. நம்பியை ஆட்கொண்டது ஓர் ஆவணம். ஆவணத்திற்குப் பொருள் ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டாயின் அது வழக்கிற்கு உதவாது. ஆயின் அவ்வாவணத்தின் வழி ஆட்கொண்ட பெருமான், திருவருட்டுறையிற் புகுந்து மறைந்தபின், நம்பியைப் பாடுமாறு பணித்தார். எவ்வாறு தொடங்குவேன் எனத் திகைத்தார்க்கு, முன்னர் எம்மைப் பித்தன் என்றனை; அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என அருளினார். பந்தரில் வசையாய் எழுந்த அதே சொல், சில நாழிகையிற் கோயிலில் வாழ்த்தாய் எழுந்தது. எழுத்து வேறுபடவில்லை, ஒலி வேறுபடவில்லை. சொல்லுவான் உள்ளம் கனிந்தது. பொருளும் உடன் கனிந்தது. ஓலையிற் சொல் ஒரு பொருளில் நிற்கும். பாட்டிற் சொல் உயிரின் பக்குவத்தோடு வளரும் என்னும் பாடம் நம்பிக்கு முதன்முதற் பாடிய அன்றே அமைந்துவிட்டது.

பின்னர்த் தில்லை முதலிய தலங்களை வணங்கித் திருவாரூர் சேர்ந்தார். தம்பிரான் தோழர் எனப் பெயர் பெற்றார். பரவையாரை மணந்தார். தேவாசிரிய மண்டபத்திற் குழீஇயிருந்த அடியார்களைக் கண்டு, இவர்க்கு யான் அடியனாவது எந்நாள் என ஏங்கித் திருத்தொண்டத் தொகையை அருளினார். அது 11 பாட்டே உடையது. 63 தனியடியாரையும் 9 தொகையடியாரையும் அச்சிறு நூல் தன்னுட் கொண்டது. ஒவ்வொருவர்க்கும் ஓர் அடைமொழி, சிலர்க்கு அதுவுமின்றிப் பெயர் மாத்திரமே. கண்ணப்பரைக் கலை நிறைந்த சிறப்புடையவர் என்றார்; எக்கலை என்றாரில்லை. ஏடு தொட்டறியாத வேடர்க்குக் கலை யாது? விற்றொழிலோ, ஆறு நாளில் முற்றிய அன்போ? கேட்பார் உள்ளத்திற்கு அவர் விட்டுவைத்த இடம் அது.

அவ்விடத்தில் முதற்கண் புகுந்தவர் நம்பியாண்டார் நம்பி. தொகையை வகையாக்கி அந்தாதி செய்தார். அடுத்துப் புகுந்தவர் சேக்கிழார். 12-ஆம் நூற்றாண்டில், அநபாய சோழன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட திருவிருத்தங்களாக விரித்தார். கண்ணப்பர் விற்பயிற்சியையும் பாடினார். அவர் அன்பையும் பாடினார். நம்பி எல்லாம் சொல்லிமுடித்திருப்பின் பெரியபுராணம் பிறவாது. குறைவாகச் சொல்லியது குறையன்று, கொடையே என்பது இதனாற் பெறப்படும்.

இனி மழபாடிக்கு வருவோம். நம்பி சோழநாட்டுத் தலங்களை வணங்கிச் செல்கையில் ஒருநாள் திருவாலம்பொழிலில் இரவு துயின்றார். பெருமான் கனவில் எழுந்தருளி, மழபாடிக்கு வர நினைப்பது மறந்தனையோ என வினவினார். நம்பி விழித்தெழுந்து, வியந்து, காவிரியைக் கடந்து வடகரை ஏறி, மழபாடி புகுந்து, திருமுன்பு வீழ்ந்து வணங்கிப் பாடினார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. அப்பதிகம் ஏழாந்திருமுறையில் 24-ஆவது, பண் நட்டராகம், பாட்டுக்கள் 10. தமிழ்நாட்டிற் பண்ணறியாதாரும் எழுத்தறியாதாரும் பாடும் பதிகம் ஒன்று உண்டெனின் அது இதுவேயாம்.

இப்பதிகத்தில், இறுதிப் பாட்டொழிந்த ஏனையவற்றில் ஒரு வினாவே மீண்டும் மீண்டும் வருகின்றது. நின்னையன்றி இனிமேல் வேறு யாரை நினைப்பேன் என்பது அதன் கருத்து. சேக்கிழார் வரலாற்றை உளங்கொண்டு இதனை ஓதுவார், கனவில் வினவிய பெருமானுக்கு நம்பி கூறிய விடை இது என உணர்வர். நினைப்பது மறந்தனையோ என்பது ஆண்டவன் வினா. வேறு யாரை நினைப்பேன் என்பது அடியவன் விடை. விடையும் வினாவாகவே அமைந்தது. இதனினும் பொருத்தமான பொருள் காண்டல் அரிது.

ஆயினும் பதிகத்துட் கனவைப் பற்றிய குறிப்பு ஒன்றும் இல்லை, ஆலம்பொழில் இல்லை, ஆறு கடந்தமை இல்லை. நம்பி தம் பாட்டிற்கு நிகழ்ந்த காரணத்தைப் பாட்டினுள் வைத்தாரில்லர். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டின்பின் வந்த சேக்கிழார், நினைத்தல் என்னும் அவ்வொரு சொல்லின்கண் வழிவழி வந்த வரலாற்றைப் பொருத்திக் காட்டினார். ஆகவே சேக்கிழாரும் இப்பதிகத்தை ஓதியுணர்ந்த தலையாய அன்பர் ஒருவர் என்க. வரலாறு அறியாத உழவனொருவன் தன் துன்பத்தின் நடுவே அதே வினாவைத் தன் வினாவாகப் பாடினால், அவன் பிழைபடப் பொருள் கொண்டான் என்று கூற எவர்க்குத் துணிவு உண்டு?

இன்னும் நோக்குவோம். வினா ஒன்றேயாயினும் அதன் முன் நிற்கும் விளி பாட்டுத்தோறும் வேறுபடுகின்றது. ஒரு பாட்டில் அன்னை என விளித்தார். ஒன்றிற் கேள் என விளித்தார். ஒன்றில் அம்மான் என்றார். தாயை இழந்தவன் ஒரு பாட்டில் நிற்பான். நட்பாற் கைவிடப்பட்டவன் ஒரு பாட்டில் நிற்பான். ஆண்டானை வேண்டுவான் ஒரு பாட்டில் நிற்பான். இனி என்னும் சிறு சொல்லும் அத்தகையதே. இனி என்றமையின் இதற்கு முன் வேறு நினைவு இருந்தமை போதரும். அந்நினைவு யாது என நம்பி கூறினாரில்லர். அவ்விடைவெளியில் ஓதுவார் ஒவ்வொருவரும் தத்தம் பழநினைவை வைத்துக்கொள்ளுகின்றனர்.

நம்பியின் பின்னை வாழ்வு எளிதாயிருந்ததன்று. திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுற்றார். ஆரூர் நினைவால் அச்சூள் தவறி எல்லை கடந்தபோது இருகண்ணும் ஒளியிழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். ஆரூரில் வலக்கண் பெற்றார். மழபாடியில் வேறு யாரை நினைப்பேன் என்றவர்க்கு இது எவ்வாறு பொருந்தும் என வினவுவாரும் உளர். அவ்வினா தகுவதே. நம்பி அதற்கு விடைகூற முற்பட்டாரில்லர். தம் முன்னைப் பாட்டைத் திருத்தவும் இல்லை, விளக்கவும் இல்லை. பார்வையிழந்த நிலையிலும் புதிய பாட்டுக்களாற் பெருமானையே உரிமையோடு முறையிட்டார். முடிவிற் சேரமான் பெருமாளொடு நட்புப் பூண்டு, திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானைமீது கயிலை அடைந்தார். அவர் உலகில் வாழ்ந்தது 18 ஆண்டே என்பது மரபு. இன்று நமக்குக் கிடைத்தன 100 பதிகங்கள். அவற்றுள் ஒன்றற்கும் அவர் உரைவிட்டுச் சென்றாரில்லர்.

மழபாடிக் கோயிற் கல்வெட்டுக்கள் இதற்கு மாறான ஓர் இயல்பை நமக்குக் காட்டுகின்றன. முதலாம் இராசராச சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு பணித்தபோது, முன்னிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்கச் செய்தான். பின்னர் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பெற்றன. நிலம் இத்துணை, நெல் இத்துணை, விளக்கு இத்துணை என்னும் சாசனம் ஒரு சொல்லும் பிறழாமற் காக்கப்படல் வேண்டும், பொருளும் பிறழலாகாது. பதிகத்திற்கும் ஒரு சொல்லும் பிறழலாகாது, பண்ணும் பிறழலாகாது. ஆயின் பொருள் மட்டும் ஓதுவானிடத்து விளையும். சொல்லைக் காத்தல் திருமடங்களுக்கும் ஓதுவாமூர்த்திகளுக்கும் கடன். பொருளை அடைத்தல் எவர்க்கும் கடனன்று.

இதனாலேபோலும், நம் முன்னோர் தேவாரத் திருமுறைக்கு உரைவகுக்க நெடுங்காலம் தயங்கினர். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் முப்பத்தாறாயிரப்படி ஈறாக ஐந்து வியாக்கியானங்களை வைணவ ஆசாரியர்கள் கண்டனர். மெய்கண்ட சாத்திரங்களுக்கு உரை பல கண்ட சைவ ஆசிரியர்களோ தோத்திரங்களை ஓதுதற்கும் உருகுதற்குமே விட்டனர். தருமபுர ஆதீனம் 1953-ஆம் ஆண்டு தொடங்கித் திருமுறைகளைக் குறிப்புரையோடு வெளியிட்டுச் செய்த உதவி அளப்பரியது. அருஞ்சொற் பொருளும் வரலாறும் அறியாது மயங்குவார்க்கு அது கைவிளக்கு. விளக்கு வழியைக் காட்டும்; நடப்பவன் காலுக்கு அது ஈடாகாது.

அற்றேல், எவரும் எப்பொருளும் கொள்ளலாமோ எனின், அன்று. பாட்டின் பொருளுணர்ந்து ஓதுக என மணிவாசகப் பெருமானே தம் திருவாசகத்தில் ஆணையிட்டார். ஆயினும் அவரிடம் தில்லைவாழந்தணர் வந்து அத்திருவாசகத்தின் பொருளை வினவியபோது, சொல் விரித்து உரைத்தாரில்லர். அம்பலத்தை அடைந்து, ஆடும் பெருமானையே பொருளெனக் காட்டி, அப்பொருளிற் கலந்தார் என்பது வரலாறு. பொருளின் எல்லை அங்கே காட்டப்பெற்றது. செல்லும் இடம் சிவம் ஒன்றே. சேறும் வழி உயிர்தோறும் வேறு. சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகப் பகுக்கப்படுவதை நாம் நாடோறும் பயில்கின்றோம். ஒரே ஞாயிற்றின்முன் ஒரு தாமரை அலரும். ஒன்று முகையாய் நிற்கும். ஞாயிறு குறைந்ததன்று. அருட்பாட்டும் அவ்வாறே பக்குவத்திற்கேற்பப் பொருள் அலர்த்தும். இலக்கணத்தையும் சித்தாந்தத்தையும் கடந்த பொருள் பொருளாகாது. அவற்றுள் அடங்கி நின்றும், ஒருவன் பெற்ற பொருளே மற்றொருவனுக்கும் என வரையறுத்தல் திருவருளுக்கு அளவு வகுத்தலாய் முடியும்.

சபைகளில் ஒரு பதிகத்திற்கு இருவர் இருபொருள் கூறிப் பகைத்துப் பிரிதலை நாம் காண்கின்றோம். ஆசிரியர் கூறிய பொருளையே எழுதாத மாணவன் பிழைத்தான் எனப்படுதலையும் காண்கின்றோம். யாமும் அக்குற்றத்திற்குப் புறம்பானேம் அல்லேம். மழபாடிப் பதிகத்தைக் கற்பிக்குங்கால், இது கனவிற்கு விடை, வேறில்லை என முடித்துவிட்டு எழுந்ததுண்டு. அவ்வாறு முடித்த நாளில் மாணாக்கர் பதிகத்தை அறிந்தனர். தாம் வினவும் வினாவாக அதனைப் பாடினாரில்லர்.

அப்பதிகத்தின் இறுதிப் பாட்டில் நம்பி அவ்வினாவை விட்டுத் தம் பெயரையும் ஊரையும் பொறித்து, இத்தமிழை ஏத்த வல்ல உலகத்தார்க்குப் பயன் கூறி நிறுத்தினார். பொருள் இன்னதெனக் கூறிக் கொடுத்தாரில்லர். பாட்டை உலகத்தார் கையிற் கொடுத்தார். கொடுத்ததைக் காத்தல் நம் பணி. சொற்பொருள் கூறுவோம், வரலாறு கூறுவோம், சித்தாந்த வரம்பு கூறுவோம். அதன்மேல், ஓதும் உயிர் தன் பெருமானை விளித்து வினவுதற்குச் சிறிது இடம் விட்டு அமைவோமாக.

திருச்சிற்றம்பலம்.